கொழிஞ்சாம்பாறையிலிருந்து உகாண்டாவுக்கு: வெளிநாட்டுக் கிராம வளர்ச்சி நிறுவனத்தில் வேலைக்குச் சேருபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் சித்தூர் தாலுகாவில் வெளிநாட்டு வேலை என்றாலே வளைகுடாதான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பார். ஆனால் கோயம்புத்தூரில் சமூகப்பணியோ வேளாண்மையோ படித்து, கேரளத்தின் பெண்கள் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயிலோ நீர்ப்பிடிப்புத் திட்டத்திலோ சில வருடம் வேலை பார்த்துவிட்டு, ஆப்பிரிக்காவில் இருக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்களும் இப்போது அங்கொருவர் இங்கொருவர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வேலை பார்த்தது உகாண்டாவில் என்பதால் உதாரணமெல்லாம் அந்த நாட்டிலிருந்தே வரும். வேறு நாடு என்றால் விசா விவரங்கள் மாறும், மற்றதெல்லாம் ஏறக்குறைய இதேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்று துடிக்காதீர்கள். அங்கே யார் முடிவெடுக்கிறார்கள், காசு யாருடையது, உங்களுக்கு முன்னால் அதே ஊரில் என்ன நடந்தது, இந்த மூன்றும் பிடிபட்டால் போதும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: கையெழுத்துப் போடும் முன்

வேலை தருகிறோம் என்று சொல்லிக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உண்மையான தொண்டு நிறுவனம் 'பிராசஸிங்' கட்டணம், விசா முன்பணம் என்று எதுவும் கேட்காது. நிறுவனம் உகாண்டாவில் முறையாகப் பதிவாகி அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தொண்டு நிறுவனச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது கட்டாயம். மறைக்க எதுவும் இல்லாதவர்கள் அன்றைக்கே நகல் அனுப்புவார்கள்.

"ஏங்கண்ணு, துபாய்ல குடுக்கற மாதிரி குடுப்பாங்களா?" என்று பெரியம்மா கேட்பார். நியாயமான கேள்வி. ஒப்பந்தத்தில் இருக்கும் தொகை பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. உகாண்டாவில் உண்டு. மாதம் 4,10,000 ஷில்லிங்கைத் தாண்டும் தொகைக்கு 30 விழுக்காடு பிடிப்பார்கள். நம் பணத்தில் அது சுமார் பத்தாயிரம் ரூபாய்தான், ஆக உங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி அந்த அடுக்கில்தான் விழும். அதன்மேல் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு உங்கள் பங்கு 5 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 10. நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கிளம்பும்போது அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது. சேரும்போதே மனிதவளப் பிரிவில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் அலைய வேண்டாம்.

அடுத்து, சம்பளம் டாலரிலா ஷில்லிங்கிலா? மருத்துவக் காப்பீட்டில் அவசரத்துக்கு வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும் செலவு சேர்த்தியா? வருடத்துக்கு ஒரு முறை ஊர் வர டிக்கெட் யார் பொறுப்பு? அந்த நாட்டுச் சட்டப்படி சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது, நீட்டிப்பதானால் உங்கள் சம்மதம் வேண்டும். ஆண்டு விடுப்பு 21 நாள். இதற்குக் குறைவாக எழுதியிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: உங்கள் பதவிக்கான பணம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது, அந்தத் திட்டம் எப்போது முடிகிறது? 2025இல் அமெரிக்க அரசு யு.எஸ்.எய்டு என்ற தன் உதவி முகமையின் வெளிநாட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தியபோது ஆப்பிரிக்கா முழுக்க நல்ல நிறுவனங்களே ஆட்களைக் குறைத்தன. ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் என்று இருக்கும், நிதி வருவதோ எட்டு மாதத்துக்கு என்று இருக்கும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நம் ஆட்கள் வாயைத் திறப்பதில்லை. இந்தத் துறையில் இது தினசரிக் கேள்வி, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

படி 2: காகிதங்கள், அதாவது எல்லையோரத்துக்காரர்களின் தனித் தலைவலி

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேரளத்துடையது. பட்டம் கோயம்புத்தூரில் வாங்கியது. பள்ளிச் சான்றிதழுக்கு, வெளிநாடுவாழ் கேரளத்தவர்களுக்கான அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் வழியாகச் சான்றொப்பம் வாங்கலாம். பட்டத்துக்குத் தமிழ்நாட்டு அரசிடம்தான் போக வேண்டும். எந்த மாநிலத்துப் பல்கலைக்கழகமோ அந்த மாநிலம்தான் முதல் முத்திரை வைக்கும், அப்புறம்தான் வெளியுறவு அமைச்சகம். இரண்டையும் ஒரே பையில் போட்டு ஒரே ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். தனித்தனியாக, ஒரே நாளில் தொடங்கிவிடுங்கள். வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் என்ற சான்று முத்திரை போதுமா, தூதரக முத்திரையும் வேண்டுமா என்பது போகிற நாட்டைப் பொறுத்தது. நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த தலைவலி இனிஷியல். பள்ளிப் புத்தகத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து, கல்லூரிச் சான்றிதழில் முன்னால் ஒரு எழுத்து, ஆதாரில் எழுத்தே இல்லை, பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். இங்கே யாருக்கும் இது பிரச்சினை இல்லை. கம்பாலாவில் வேலை அனுமதிக் கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு நான்கும் நான்கு வெவ்வேறு ஆள். நான்கும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு மூன்று அசல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செலவு சொற்பம், மிச்சமாகும் நாட்கள் ஏராளம்.

காவல்துறை நற்சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. "முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். அந்த விசாவில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். மாட்டினால் நாடுகடத்தப்படப்போவது நீங்கள்தான்.

வங்கியிலும் ஒரு வேலை இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போகிறவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தொடங்குங்கள். நம் ஊர் வங்கிக் கிளைகள் வளைகுடாக்காரர்களால் இதில் கைதேர்ந்தவை, பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுப்பார்கள்.

படி 3: உடம்பும் பெட்டியும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையமும் கொச்சித் துறைமுக சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. பாலக்காட்டுக்காரர்களுக்குக் கொச்சிதான் பக்கம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். 2016இலிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

மலேரியா நம் ஊரில் பழைய கதை. அங்கே தினசரிக் கதை. முன்தடுப்பு மாத்திரை எது, எத்தனை மாதம் என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். கொசுவலைக்குள் தூங்குங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே விரல் நுனியில் குத்திப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் தள்ளுவது அங்கே ஆபத்து.

இன்னொன்று, வாய்க்காலிலும் குளத்திலும் குதித்து வளர்ந்த நமக்குக் கேட்க வலிக்கும். விக்டோரியா ஏரியிலும் நைல் கரையோரத்திலும் இறங்கிக் குளிக்காதீர்கள். நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். உள்ளூர்க்காரர்கள் குளிக்கிறார்களே என்றால், அவர்களுக்கும் அது வருகிறது, அரசே முகாம் போட்டு மாத்திரை கொடுக்கிறது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சோள மாவுக் களியான போஷோ, அவித்து மசித்த வாழைக்காயான மத்தோக்கே, பீன்ஸ், நிலக்கடலைக் குழம்பு இவைதான் தினமும். கப்பையும் பலாவும் தாராளம். சப்பாத்திகூட தெருவோரக் கடையில் கிடைக்கும், உள்ளே முட்டையை வைத்துச் சுருட்டித் தருவதற்கு 'ரோலக்ஸ்' என்று பெயர். புளி, பெருங்காயம், சாம்பார் பொடி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் மூன்று செவ்வகக் கால் கொண்டது, நம்முடையது நுழையாது. பெரிய டார்ச், ரெயின்கோட், வரப்பில் நடக்க நல்ல செருப்பு, வெளுத்துப்போகாத இரண்டு முழுக்கைச் சட்டை இருந்தால் சரி. கிராமத்தில் வெளியாள் கசங்கிய டி-ஷர்ட்டில் போனால் மதிப்பதில்லை. அங்குள்ளவர்கள் கூட்டத்துக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

படி 4: முதல் வாரம், யார் யாரைப் பார்க்க வேண்டும்

கேரளத்தில் வேலை பார்த்தவருக்கு வார்டு மெம்பர், பஞ்சாயத்துத் தலைவர், செயலாளர் என்ற வரிசை ரத்தத்தில் ஊறியிருக்கும். அங்கேயும் அப்படி ஒரு வரிசை உண்டு, தாவக் கூடாது. மாவட்டத்தில் தலைமை நிர்வாக அதிகாரி, ஜனாதிபதியின் பிரதிநிதியாக இருக்கும் மாவட்ட ஆணையர். அதற்குக் கீழே துணைவட்டம், பாரிஷ், கடைசியில் கிராமத்தில் எல்.சி. 1 என்ற உள்ளூர்க் கவுன்சிலின் தலைவர். இந்த எல்.சி. 1 தலைவருக்குத் தெரியாமல் ஒரு வீட்டுத் திண்ணையில்கூட உட்காராதீர்கள். அவர் கையில் ஒரு முத்திரை இருக்கும். யார் அந்த ஊர்க்காரர், எந்த நிலம் யாருடையது என்பதற்கெல்லாம் அவருடைய கடிதம்தான் முதல் ஆதாரம். மாவட்டத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடாமல் எந்தத் தொண்டு நிறுவனமும் அங்கே வேலை செய்ய முடியாது என்பது சட்டம். அந்த ஒப்பந்தத்தை வாங்கி முதல் வாரமே படியுங்கள். நிறுவனம் என்னென்ன செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறது என்று அதில் தெரியும். மாவட்டக்காரர்கள் உங்களிடம் கேட்கப்போவதும் அதைத்தான்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வருகையாளர் பதிவேட்டை நீட்டுவார்கள். பெயர், நிறுவனம், வந்த காரணம், கையெழுத்து. அவசரத்தில் கிறுக்காமல் தெளிவாக எழுதுங்கள். முந்தைய பக்கங்களைக் கொஞ்சம் புரட்டினால் அந்தத் துணைவட்டத்துக்கு வேறு எந்த நிறுவனங்கள், எந்த விஷயமாக, எத்தனை முறை வந்திருக்கின்றன என்று ஓரளவு பிடிபடும். எந்த அறிக்கையிலும் இது கிடைக்காது.

நேரம் சொல்லும்போது கவனம். லுகாண்டா, சுவாஹிலி பேசும் இடங்களில் காலை ஏழு மணியை ஒரு மணி என்று எண்ணுவார்கள். 'இரண்டு மணிக்குக் கூட்டம்' என்றால் காலை எட்டாகவும் இருக்கலாம், மதியம் இரண்டாகவும் இருக்கலாம். காலையா மதியமா என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் இந்தியர் என்பது உங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். 1972 ஆகஸ்டில் அந்நாட்டை ஆண்ட இடி அமீன் ஆசியர்கள் 90 நாளுக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். பிற்பாடு பலர் திரும்பி வந்தார்கள். இன்றைக்கும் நகரத்துப் பெரிய கடைகள், ஆலைகள் பலவற்றில் முதலாளி இந்திய வம்சாவளிக்காரர். அதனால் உங்களைப் பார்த்ததும் கடைக்கார முதலாளியின் சொந்தக்காரர் என்று நினைப்பது சகஜம். விவசாயக் குடும்பம், எல்லையில் ஒரு கிராமம், வீட்டில் மாடு இருக்கிறது என்று நான்கு வரி சொன்னால் பேச்சு திசைமாறும். எத்தனை மாடு, எவ்வளவு கறக்கும் என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 5: காசுக் கணக்கு

புதிதாகப் போனவர்கள் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் கிராமசபையில் டீயும் பருப்புவடையும் கொடுத்தால் போதும். அங்கே பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சோடாவும், சாப்பாடும், 'டிரான்ஸ்போர்ட் ரீஃபண்ட்' என்று கையில் கொஞ்சம் பணமும் கொடுப்பது பல வருட வழக்கம். மாவட்ட அதிகாரி உங்களோடு களத்துக்கு வந்தால் அவருக்கு 'சஃபாரி டே அலவன்ஸ்'. இது லஞ்சம் என்று நாம் மூக்கைச் சுருக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடந்தோ போடா-போடா என்ற பைக் டாக்சியிலோ வந்தவருக்கு அரை நாள் கூலி போகிறது. தொகை எவ்வளவு என்பதுதான் சிக்கல். நிதிப் பிரிவிடம் எழுத்தில் விகிதம் வாங்காமல் முதல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். "போன நிறுவனம் இதைவிட அதிகம் கொடுத்தது" என்று யாராவது நிச்சயம் சொல்வார். "எங்கள் அலுவலக விகிதம் இதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உட்காருங்கள். நீங்கள் ஒரு முறை கூட்டிக் கொடுத்தால் பக்கத்துத் துணைவட்டம் வரைக்கும் அதுவே விகிதமாகிவிடும். உங்கள் உள்ளூர் சக ஊழியர்தான் வருடக்கணக்கில் அதைச் சமாளிக்க வேண்டிவரும்.

கையெழுத்துப் பட்டியல் என்றால் கையெழுத்துப் பட்டியல்தான். பெயர், ஊர், தொலைபேசி, வாங்கிய தொகை, கையெழுத்து அல்லது கைநாட்டு. ஒரே கையெழுத்தில் ஐந்து பெயர் இருந்தால் தணிக்கைக்காரர் அங்கேயே வட்டம் போடுவார். இப்போதெல்லாம் பணத்தை மொபைல் மணியில் அனுப்புகிறார்கள், ஏர்டெல் அங்கேயும் உண்டு. எடுக்கும்போது கட்டணமும், அதற்கு மேல் அரை விழுக்காடு அரசு வரியும் பிடிக்கும். பட்ஜெட்டில் அதைச் சேர்க்கவில்லை என்றால் வாங்குகிறவர் கையில் குறையும், பழி உங்கள்மேல் விழும்.

களத்துக்கு முன்பணம் வாங்கினால் திரும்பிய வாரத்திலேயே கணக்கைக் கொடுத்துவிடுங்கள். பழைய முன்பணம் கணக்கில் நிற்கும்வரை அடுத்தது வராது, வேலை நின்றுபோகும்.

படி 6: நம் அனுபவத்தை எங்கே வைக்க வேண்டும்

குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கப் பெண்கள் குழுவான அயல்கூட்டத்தில் ஊறியவர்களுக்கு அங்கே இருக்கும் சேமிப்புக் குழு முதல் பார்வையில் நம்முடையது மாதிரியே தெரியும். மாமரத்தடி, வட்டமாகப் பெண்கள், நடுவில் பூட்டிய இரும்புப் பெட்டி. கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து பாருங்கள். பெட்டியில் மூன்று பூட்டு. சாவி மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆளிடம். மூவரும் வந்து திறந்தால்தான் கூட்டம் தொடங்கும். ஒவ்வொருவராக வந்து பங்கு வாங்குவார்கள், ஒரு பங்குக்குப் பாஸ்புத்தகத்தில் ஒரு முத்திரை. நோட்டை எல்லார் கண் முன்னாலும் எண்ணி, சத்தமாகச் சொல்லி, பெட்டியில் போடுவார்கள். சாவு, நோய் என்று வந்தால் உதவத் தனியாக ஒரு சின்ன நிதியும் சேரும். தாமதமாக வந்தால் அபராதம், அதில் தலைவிக்கும் சலுகை கிடையாது. கெயர் என்ற தொண்டு நிறுவனம் 1991இல் நைஜரில் தொடங்கிய முறை இது.

நம் முறையோடு பெரிய வேறுபாடு ஆண்டுக் கடைசியில் தெரியும். மொத்தப் பணத்தையும் வட்டியோடு பிரித்து எடுத்துக்கொண்டு, பெட்டியைக் காலியாக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். நம் ஆட்களுக்கு இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். வங்கியோடு இணைக்கலாமே, கூட்டமைப்பு உண்டாக்கலாமே என்று தோன்றும். 1998இல் குடும்பஸ்ரீ தொடங்கியபோது நமக்குப் பின்னால் பஞ்சாயத்தும் வங்கிக் கிளைகளும் இருந்தன. அங்கே பல ஊருக்கு வங்கி அரை நாள் பயணம். காலியாகும் பெட்டியில் யாரும் நீண்ட நாள் கை வைக்க முடியாது என்பதும் அவர்கள் கணக்கில் ஒரு பாதுகாப்பு. கேட்டால் குடும்பஸ்ரீ கதையைச் சொல்லுங்கள். கேட்காமல் மாற்றப் போகாதீர்கள்.

அடிபம்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். உகாண்டாவின் யு2, யு3 பம்புகள் நம் இந்தியா மார்க் 2, மார்க் 3 பம்புகளின் உள்ளூர் வடிவம்தான். மார்க் 3 உருவானது கோயம்புத்தூர் வட்டாரத்தில் 1980களில் நடந்த களச் சோதனையிலிருந்து. மார்க் 2இல் அடியில் வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும், மார்க் 3இல் பிஸ்டனை மட்டும் மேலே எடுத்துவிடலாம். ஆனால் அங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டது, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அரித்துவிடும். தண்ணீர் துருநிறத்தில் வரும். துணி கறைபடும், பீன்ஸ் கறுக்கும். பெண்கள் சத்தமில்லாமல் பழைய ஊற்றுக்கே திரும்பிவிடுவார்கள். ஒரு பம்பு 'இயங்குகிறது' என்று அறிக்கையில் இருந்தாலும், நடைமேடையில் மஞ்சள் ஜெர்ரிக்கேன் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விசாரியுங்கள். பம்பு மெக்கானிக் யார், குடிநீர்க் குழு கடைசியாக எப்போது காசு வசூலித்தது, குழாய் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் ஒன்றே முதல் மூன்று மாதத்துக்குப் போதுமான வேலை.

கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது மழையைப் பாருங்கள். தெற்கே மார்ச் முதல் மே, செப்டம்பர் முதல் நவம்பர் என்று இரண்டு பருவம். வடக்கே ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை ஒரே நீண்ட பருவம். விதைப்பு நாளில் காலைக் கூட்டம் வைத்தால் கிழவர்களும் குழந்தைகளும்தான் வருவார்கள்.

வடக்கே குலு பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது நிலம். 2006 வரை நடந்த போரில் அங்குள்ள மக்கள் வருடக்கணக்கில் முகாம்களில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது எல்லைக்கல் எது, மரம் யாருடையது என்பதே தகராறு. மாதிரிப் பண்ணைக்கு இடம் தருகிறேன் என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால், குலப் பெரியவர்களும் எல்.சி. 1 தலைவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒப்புக்கொள்ளும்வரை ஒரு மண்வெட்டி மண்கூட வெட்டாதீர்கள்.

படி 7: கூட வேலை பார்ப்பவர்கள்

உங்கள் களப்பணியாளர் உங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, உங்களைவிட அதிகம் தெரிந்துகொண்டு வேலை பார்ப்பவர். உங்களுக்கு வீட்டு வாடகை வருகிறது, ஊர் போக டிக்கெட் வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் முன்னால் 'இந்தச் சம்பளத்தில் ஒன்றும் மிச்சமில்லை' என்று புலம்பாதீர்கள். கூட்டத்தில் அவர் மொழிபெயர்க்கும்போது குறுக்கே பேசாதீர்கள். நீங்கள் ஒரு வரி சொன்னதற்கு அவர் ஐந்து நிமிடம் பேசினால், எதைச் சேர்த்தார் என்று பிறகு வண்டியில் வரும்போது கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் வரியில் இருந்த ஓட்டையை அடைத்திருப்பார்.

பல நிறுவனங்களில் ஊழியர்கள் போடா-போடாவில் ஏறத் தடை உண்டு. ஊரெல்லாம் அதில்தான் போகிறது என்றாலும் விதியை மீறாதீர்கள், விபத்தானால் காப்பீடு கிடைக்காமல் போகலாம். குழந்தைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடுவதும் வேண்டாம். பெற்றோரின் சம்மதம் இல்லாத படம் வேலைக்கே உலை வைக்கும்.

படி 8: மூன்று மாதம் ஆனதும், பிறகு விடுமுறையும்

மேலாளரிடம் நீங்களே நேரம் கேளுங்கள். பார்த்த ஊர்கள், பேசிய ஆட்கள், ஒப்பந்தத்தில் சொன்னதற்கும் ஊரில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதிக்கொண்டு போங்கள். யோசனைகள் இருந்தால் கடைசிப் பத்தியில், அதுவும் களப்பணியாளரிடம் காட்டிய பிறகு. சோதனைக் காலம் எப்போது முடிகிறது, உறுதிக் கடிதம் எப்போது வரும், வேலை அனுமதி எதுவரை செல்லும் என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

முதல் விடுமுறைக்கு வரும்போது முன்தடுப்பு மாத்திரையை ஊர் வந்த சந்தோஷத்தில் நிறுத்திவிடாதீர்கள். மருந்தைப் பொறுத்து ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை தொடர வேண்டும். வந்த பிறகு காய்ச்சல் அடித்தால், சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கோயம்புத்தூர்த் தனியார் மருத்துவமனையாக இருந்தாலும், உட்கார்ந்த உடனே "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா பாருங்கள்" என்று சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். டெங்கு, டைபாய்டு என்று தேடிக்கொண்டிருப்பார்கள், அங்கிருந்து வரும் மலேரியாவோ அதுவரை காத்திருக்காது.